மாரியில் ஊறும் விரலிடுக்கு, கச்சான் காற்றில் வெடிக்கும் குதிகால்: கால் பராமரிப்புக்கு ஓர் இழை

04.11.2023, ஒரு வாசகரின் கேள்வி

அப்பாவுக்கு 61 வயது. மட்டக்களப்பு வெல்லாவெளிப் பக்கம் வட்டையில் (வயலில்) வேளாண்மை செய்கிறார். விதைப்புத் தொடங்கியதிலிருந்து பகல் முழுவதும் சேற்றிலும் தண்ணீரிலும்தான் நிற்கிறார். இரண்டு கால்களிலும் சின்ன விரலுக்கும் அதற்கு அடுத்த விரலுக்கும் இடையில் தோல் வெள்ளையாக ஊறி, உரிந்து, கடித்து, மணக்கிறது. பாமசியில் ஒரு கிறீம் தந்தார்கள். பூசிய சில நாட்களிலேயே கடி நின்றது. நிறுத்தியதும் முன்பைவிடப் பெரிதாகிப் புறங்கால் வரை வட்டமாகப் படர்ந்துவிட்டது. பக்கத்து வீட்டார் மண்ணெண்ணெய் பூசச் சொல்கிறார்கள். அப்பாவுக்குச் சீனி வருத்தமும் (நீரிழிவும்) இருக்கிறது. என்ன செய்யலாம்?

04.11.2023, இரவு

மண்ணெண்ணெய் வேண்டாம். ஊறிப்போன தோலை அது பொசுக்கிவிடும். அதன் பிறகு சேற்றுப்புண்ணோடு எரிபுண்ணுக்கும் சேர்த்து மருந்து கட்ட வேண்டியிருக்கும். தாதியாக வேலை செய்த காலத்தில், மாரி தொடங்கியதும் இப்படி எரிந்த விரலிடுக்குகளோடு வருபவர்களுக்கு நான் மருந்து கட்டியிருக்கிறேன்.

அந்தக் கிறீமின் பெட்டியை எடுத்து, உள்ளே என்ன மருந்துகள் இருக்கின்றன என்று வாசியுங்கள். பீட்டாமெதசோன், குளோபிடசோல் போன்ற பெயர் இருந்தால் அது ஸ்டீரொயிட் கலந்த கிறீம். ஸ்டீரொயிட் கடியையும் சிவப்பையும் விரைவாக அடக்கும், ஆனால் பூஞ்சணத்தைக் கொல்லாது. தோலின் எதிர்ப்பை அது மட்டுப்படுத்துவதால் பூஞ்சணம் உள்ளே தடையின்றிப் பரவும். பூசும்போது சுகம், நிறுத்தியதும் பெருக்கம் என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் இதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. இனி அதைப் பூச வேண்டாம்.

விரலிடுக்குப் பூஞ்சணத்துக்கு 1 வீத குளோற்றிமசோல் கிறீமைக் காலையும் இரவும் பூச வேண்டும். பொதுவாக 4 வாரம் பூச வேண்டியிருக்கும். கடி முதல் வாரத்திலேயே நின்றுவிடுவதால் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள், அடுத்த மாதம் அதே புண் திரும்பி வருகிறது. 1 வீத டெர்பினபின் கிறீம் இதைவிடக் குறுகிய காலத்தில், பெரும்பாலும் ஒரு வாரத்தில், வேலை செய்யும். ஆனால் உங்கள் அப்பாவுக்குச் சீனி வருத்தம் இருக்கிறது, புண்ணும் புறங்கால் வரை வந்துவிட்டது. ஆகவே இரண்டில் எதையும் நீங்களாக வாங்கிப் பூசாமல், அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமலும், அவரைக் கூட்டிக்கொண்டு போய்க் காலைக் காட்டுங்கள். பழைய கிறீமின் பெட்டியையும் கையோடு கொண்டு போனால் வைத்தியருக்கு உதவும்.

05.11.2023

நேற்று எழுதியதை இன்று மறுபடியும் வாசித்தபோது ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்று பட்டது. விரலிடுக்கில் தோல் வெளுத்து ஊறுவதெல்லாம் பூஞ்சணம் அல்ல. நாள் முழுவதும் தண்ணீரில் நின்றால் யாருடைய தோலும் ஊறும். இரவு உலர்ந்ததும் பழைய நிலைக்கு வந்துவிட்டால் அதற்கு மருந்து தேவையில்லை. காலையிலும் கடி மாறாமல், தோல் செதில் செதிலாக உரிந்தால் பூஞ்சணத்தை நினைக்கலாம். பச்சை நிறமான கசிவு, சீழ், கடுமையான மணம், விரல் வீக்கம் என்று வந்துவிட்டால் அங்கே வேறு கிருமியும் சேர்ந்துவிட்டது. அதற்குக் கிறீம் மட்டும் போதாது. சிவப்பு விரலிலிருந்து புறங்காலுக்கும் கெண்டைக்காலுக்கும் ஏறி, காய்ச்சலோடு குளிரும் வந்தால் அன்றைக்கே ஆசுபத்திரிக்குப் போக வேண்டும்.

எந்தக் கிறீமாக இருந்தாலும் ஈரத்தின் மேல் பூசினால் பயன் குறைவு. நான் வீடுகளில் காட்டிக் கொடுக்கும் முறையை எழுதுகிறேன். வட்டையிலிருந்து வந்ததும் சவர்க்காரம் போட்டுக் காலைக் கழுவி, ஒரு வாங்கில் இருந்து, ஒரு காலைத் தூக்கி மற்றத் தொடையின் மேல் வையுங்கள். பழைய பருத்திச் சாரத்திலிருந்து கிழித்த, நான்கு விரல் அகலமான துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். தடித்த துவாய் சின்ன விரலிடுக்குக்குள் போகாது. வலிந்து நுழைத்தால் வெடித்த தோலைக் கிழித்துவிடும். விரலை ஒரு கையால் மெல்ல விரித்து, துணியை இடுக்கில் வைத்து, உரசாமல் ஒற்றி எடுங்கள். துணி ஈரமில்லாமல் வரும் வரை ஒற்ற வேண்டும். நான்காவது இடுக்கு, அதாவது சின்ன விரலோடு சேர்ந்தது, எல்லாவற்றிலும் ஒடுக்கமானது. சேற்றுப்புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். அதை இரண்டு தரம் பாருங்கள். ஒற்றிய துணியை அன்றன்றைக்குத் துவைத்து வெயிலில் போடுங்கள், வீட்டில் மற்றவர்கள் அதைப் பாவிக்க விடாதீர்கள்.

12.11.2023

கம்பூட்ஸ் (உயரமான இறப்பர்ச் சப்பாத்து) போட்டால் என்ன என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வாய்க்கால் துப்புரவுக்கும் மருந்தடிக்கும் வேலைக்கும் கட்டாயம் போடுங்கள். ஆனால் உழுத சேற்றில் நடக்கும்போது கம்பூட்ஸ் புதைந்து, இழுத்தால் கால் மட்டும் வெளியே வரும் என்பது நம் கமக்காரர் எல்லோருக்கும் தெரியும். ஆகவே “கம்பூட்ஸ் போடுங்கள்” என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. போட முடியாத இடத்தில் வெறுங்காலோடுதான் இறங்குவார்கள் என்பதை ஏற்றுக்கொண்டு, அந்தக் காலை எப்படிக் காப்பாற்றுவது என்று யோசிப்பதே பயன் தரும். இறங்க முன் பாதத்திலும் விரலிடுக்கிலும் வசிலினைக் கொஞ்சம் தடவினால் தோல் ஊறுவது குறையும். ஏற்கெனவே சேற்றுப்புண் இருக்கும் இடுக்கில் அதைத் தடவ வேண்டாம், ஈரத்தை உள்ளே அடைத்துவிடும்.

வசிலின் தடவிவிட்டால் எலிக்காய்ச்சல் வராது என்று நினைத்துவிடக் கூடாது. எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீரில் அந்தக் கிருமி இருக்கும். வெடித்த குதிகாலும் உரிந்த விரலிடுக்கும் அதற்குக் கதவைத் திறந்து விடுகின்றன. ஆபத்துக் கூடிய பகுதிகளில் வயலில் இறங்குபவர்களுக்கு, வாரத்துக்கு ஒரு தடவை 200 மில்லிகிராம் டொக்சிசைக்கிளின் தருவது இலங்கையில் நடைமுறையில் உள்ளது. உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ போகத்தின் தொடக்கத்திலேயே கேளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் இந்தக் குளிசை உகந்ததல்ல என்பதால் ஒருவருக்குத் தந்ததை வீட்டில் பகிர்ந்து கொள்ள வேண்டாம். சாப்பிட்ட பிறகு நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கியதும் படுக்கக் கூடாது.

வயலில் நின்றவருக்குப் பொதுவாக 5 முதல் 14 நாட்களுக்குள் காய்ச்சலும், கெண்டைக்காலைத் தொட முடியாத நோவும், கண் சிவப்பும் வந்தால், பனடோலைப் போட்டுக்கொண்டு பார்த்திருக்காமல் வைத்தியசாலைக்குப் போங்கள். போனதும் “நான் வயலில் இறங்குபவன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் வைத்தியரைச் சரியான திசையில் யோசிக்க வைக்கும். சிறுநீர் குறைந்தால் ஒரு மணித்தியாலமும் தாமதிக்க வேண்டாம்.

13.11.2023

ஆணி குத்தினால் வெற்றிலையில் எண்ணெய் தடவிச் சூடு காட்டலாமா என்ற கேள்விக்கு: வேண்டாம். ஓடும் தண்ணீரில் சவர்க்காரத்தோடு நன்றாகக் கழுவி, ஏற்பு (டெட்டனஸ்) ஊசிக்குப் போங்கள். ஏற்புவலிக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது, ஆணியில் துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஆபத்து ஒன்றுதான். ஆழமான, அழுக்கான காயத்துக்குக் கடைசி ஊசி போட்டு 5 வருடங்களுக்கு மேலாகியிருந்தால் மறுபடி போட வேண்டும். ஊசி அட்டையை அடையாள அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

02.12.2023

காத்தான்குடியிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய வாப்பா ஐந்து வேளைத் தொழுகைக்கும் வுளூச் செய்பவர். விரலிடுக்குகளையும் நன்றாகக் கழுவுபவர். இருந்தும் சேற்றுப்புண் ஏன் மாறவில்லை என்று கேட்கிறார். கழுவுவதால் வருத்தம் வருவதில்லை, கழுவிய காலை ஈரத்தோடு சப்பாத்துக்குள் விடுவதால்தான் வருகிறது. அவர் கடையில் நிற்பவர், மேசும் (காலுறையும்) மூடிய சப்பாத்தும் போடுபவர் என்று எழுதியிருப்பதால் இது இன்னும் பொருந்துகிறது. கால் துடைப்பதற்கு மட்டும் ஒரு சிறு துண்டைச் சட்டைப் பையில் வைத்திருக்கச் சொல்லுங்கள். பொது இடத்தில் எல்லோரும் மிதிக்கும் ஈரக் கால்மிதியில் துடைக்க வேண்டாம்; பூஞ்சணம் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போவது அந்த வழியாகத்தான். பருத்தி மேசு இரண்டு சோடி வைத்திருந்து நண்பகலில் ஒன்றை மாற்றலாம். கடையில் நிற்கும்போது திறந்த செருப்புப் போட முடியுமானால் அதுவே நல்லது.

20.01.2024

சீனி வருத்தக்காரரின் காலைப் பற்றி விரிவாக எழுதும்படி பலர் கேட்டிருக்கிறீர்கள். இந்த இழையில் நான் எழுதுவதில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமானால் இதை வையுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு மாலை, வயதான ஒருவர் வேறு ஏதோ மருந்துக்காக வந்து வாங்கில் இருந்தார். செருப்பைக் கழற்றச் சொன்னபோது இடது காற்செருப்பு பாதத்தோடு சேர்ந்தே வந்தது. அடியில் ஏறிய ஆணி, செருப்பைத் துளைத்துப் பெருவிரலின் அடித்தசையில் நின்றது. காலையில் சந்தைக்குப் போன இடத்தில் ஏறியிருக்க வேண்டும் என்றார் அவருடைய மகள். அவர் அந்த ஆணியோடு பகல் முழுவதும் நடந்திருக்கிறார், ஒன்றுமே தெரியவில்லை. நான் ஆணியைக் காட்டியபோது அவர் அதை வேறொருவருடைய காலில் இருப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பல வருடங்கள் இரத்தத்தில் சீனி கூடியிருந்தால் காலின் நரம்புகள் கெட்டுப்போகின்றன. நோவு தெரியாது, சூடு தெரியாது. வியர்வையும் குறைந்து தோல் காய்ந்து வெடிக்கும். இரத்தோட்டமும் குறைந்திருந்தால் சின்னக் காயமும் ஆறாது. “எனக்குக் கால் நோவே இல்லை” என்று சொல்பவரைப் பற்றித்தான் நான் கூடுதலாகக் கவலைப்படுவேன். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலோன் இழையைப் பாதத்தில் தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை ஒன்று உண்டு. நோவாது, சில நிமிடங்களில் முடிந்துவிடும். வருடத்துக்கு ஒரு தடவையாவது அதைச் செய்யும்படி கிளினிக்கில் கேளுங்கள். கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியது, இரவு படுக்க முன் வெளிச்சத்தில் இரண்டு பாதங்களையும் பார்ப்பது. குனிய முடியாதவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன் மேல் பாதத்தைப் பிடிக்கலாம். கண் தெரியாதவர்களுக்குப் பேரப்பிள்ளை பார்க்கட்டும். கொப்புளம், நிற மாற்றம், கீறல், ஓரிடத்தில் மட்டும் சூடு, மேசில் ஈரக்கறை, இவற்றில் எது இருந்தாலும் அடுத்த நாள் காட்ட வேண்டும். செருப்பைப் போட முன் கையை விட்டுத் தடவிப் பாருங்கள், கல்லும் முள்ளும் உள்ளேயே இருக்கும்.

கால் ஆணியை, அதாவது பாதத்தில் தடித்து இறுகிய தோலை, பிளேட்டால் சீவுவதும், அதற்கென்று விற்கும் மருந்து பிளாஸ்ரரை ஒட்டுவதும் இவர்களுக்குக் கூடாது. அந்த பிளாஸ்ரரில் சலிசிலிக் அமிலம் இருக்கிறது, நல்ல தோலையும் அரித்துப் புண்ணாக்கும். கால் மரத்திருக்கிறது என்று சுடுநீரில் வைப்பதும் வேண்டாம். கழுவும் தண்ணீரையும் முழங்கையால் தொட்டுப் பாருங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலைகளைத் தோண்டாதீர்கள். தோல் காயாமல் இருக்கப் பூசும் கிறீமைப் பாதத்துக்கும் குதிகாலுக்கும் பூசுங்கள், விரலிடுக்கில் பூச வேண்டாம்.

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும். நம் வீடுகளில் செருப்பை வாசலில் கழற்றுவதுதான் வழக்கம், அதை மாற்றச் சொல்லவில்லை. உள்ளே மட்டும் போடுவதற்கு வேறொரு சோடியை வைத்துக்கொள்ளலாம். பெருவிரலுக்கு இடையில் வார் போகும் பாட்டாவைவிட, பின்னால் வார் உள்ள, அடி மென்மையான செருப்பு நல்லது. உணர்வு குறைந்த காலிலிருந்து பாட்டா நழுவினாலும் தெரியாது.

21.01.2024

கோயிலில் என்ன செய்வது என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். நண்பகல் வெயிலில் வெளிவீதி மணலிலும் கல்லிலும் நடந்து உள்ளங்கால் முழுவதும் பொங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். நடக்கும்போது சுடுவது அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் காலைப் பூசைக்கோ மாலைப் பூசைக்கோ போகலாம். பகலில்தான் போக வேண்டுமானால், தடித்த மேசு போட அனுமதி உண்டா என்று கோயிலாரிடம் கேளுங்கள். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் போன்ற இடங்களில் தீ மிதிக்க நேர்ந்திருப்பவர்கள், காலில் உணர்வு குறைந்திருந்தால், நேர்த்தியை வேறு விதமாக நிறைவேற்றுவது பற்றிப் பூசகரிடம் மனம் விட்டுப் பேச வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

19.05.2024

கச்சான் காற்று வீசத் தொடங்கிவிட்டது, கேள்விகளும் விரலிடுக்கிலிருந்து குதிகாலுக்கு மாறிவிட்டன. உள்ளங்காலின் தோலில் எண்ணெய் சுரப்பிகள் இல்லை. வறண்ட காற்றில் அது காய்ந்து தடித்து, நம் உடம்பின் பாரம் குதிகாலின் ஓரத்தைப் பிதுக்கும்போது வெடிக்கிறது. பின்பக்கம் திறந்த செருப்பும் சீமெந்துத் தரையில் நெடுநேரம் நிற்பதும் இதைக் கூட்டும்.

இரவில் இளஞ்சூட்டுத் தண்ணீரில் 15 நிமிடம் பாதத்தை வையுங்கள். கால் தேய்க்கும் கல்லால் தடித்த தோலை மெல்லத் தேயுங்கள். இரத்தம் கசியும் வெடிப்பின் மேல் தேய்க்க வேண்டாம். ஒற்றித் துடைத்து, தோலில் சற்று ஈரப்பதம் இருக்கும்போதே வசிலினோ யூரியா கலந்த கிறீமோ பூசி, பருத்தி மேசு போட்டுப் படுங்கள். 10 முதல் 25 வீதம் யூரியா உள்ள கிறீம் தடித்த தோலுக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் திறந்த வெடிப்பில் எரியும். தேங்காய் எண்ணெயை நான் குறை சொல்ல மாட்டேன். காய்ந்த காலில் தடவுவதைவிட, காலைக் கழுவி ஒற்றிய உடனேயே தடவினால் அதுவும் பயன் தரும்.

மருதோன்றியைப் பற்றிக் கேட்டவருக்கு: வீட்டு மரத்தில் பறித்து அரைத்தது தீங்கு செய்யாது, ஆனால் வெடிப்பை மூடவும் செய்யாது. கடையில் கறுப்பு மருதோன்றி என்று விற்கும் கூம்பில் தலைமயிர்ச் சாயத்தின் இரசாயனம் இருக்கலாம், அதனால் கொப்புளித்த கால்கள் உண்டு.

26.05.2024

குதிகால் வெடிப்பு வேறு, குதிகால் நோவு வேறு. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குத்தி, நடக்க நடக்கக் குறைந்தால், உள்ளங்காலின் அடியில் ஓடும் தடித்த இழைப்பட்டையில் வரும் நோவாக இருக்கும். மாபிள் தரையில் வெறுங்காலோடு சமைக்கும் பெண்களுக்கு இது கூடுதலாக வருகிறது. எழுந்திருக்க முன் கட்டிலில் இருந்தபடியே துவாயால் பாதத்தைப் பிடித்துத் தன்பக்கம் இழுத்து 30 விநாடி வைத்திருங்கள், சில தரம் செய்யுங்கள். குசினியில் மென்மையான செருப்புப் போடுங்கள். எக்ஸ்ரேயில் எலும்பு வளர்ந்திருக்கிறது என்று கேட்டதும் பயப்பட வேண்டாம். நோவே இல்லாத பலருக்கும் அது இருக்கும். மாதக் கணக்கில் பொறுமை வேண்டும், பெரும்பாலானவர்களுக்கு ஒரு வருடத்துக்குள் குறைந்துவிடும்.

09.06.2024

கதிர்காமப் பாதயாத்திரைக்கு ஆயத்தமாகிறவர்களுக்காக எழுதுகிறேன். உகந்தையிலிருந்து குமண, யால காடுகளுக்கூடாகப் போகும் வழியில் கால்தான் எல்லாம். செருப்புப் போடுபவர்கள் புதுச் செருப்போடு தொடங்க வேண்டாம். இப்போதே வாங்கிப் போட்டுப் பழக்குங்கள். வெறுங்காலோடு போக நேர்ந்திருப்பவர்கள் இன்றிலிருந்தே காலையில் மண்தரையில் நடந்து தோலைப் பழக்கலாம், வெடிப்பிருந்தால் அதற்குள் ஆற்றிக்கொள்ளலாம். மணல் சுடும் நேரத்தில் நிழலில் தங்கி, விடியற்காலையிலும் மாலையிலும் நடப்பது நல்லது. கும்புக்கன் ஆற்றைக் கடந்ததும் விரலிடுக்குகளை ஒற்றித் துடைத்துவிட்டு நடங்கள்.

சின்னக் கொப்புளத்தை உடைக்க வேண்டாம், மூடிக் கட்டிவிடுங்கள். நடக்க முடியாத அளவு பெரிதானால், கழுவி, சுத்தமான ஊசியால் ஓரத்தில் குத்தி நீரை வெளியேற்றி, மேல்தோலை அப்படியே விட்டு, மருந்துத் துணியால் மூடுங்கள். மேல்தோல் இருக்கும் வரை உள்ளே விரைவாக ஆறும். சீனி வருத்தக்காரர் இதைத் தாமாகச் செய்யக் கூடாது. முதலுதவிக்காரரைத் தேட வேண்டும்.

23.06.2024

வாவியில் வலை இழுக்கும் ஒருவர், திருக்கை முள் ஏறினால் சுடுநீரில் கால் வைக்கச் சொல்கிறார்களே, நீங்கள் சுடுநீர் வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்களே என்று கேட்கிறார். நல்ல கேள்வி. நான் வேண்டாம் என்றது உணர்வு குறைந்த காலுக்கு. திருக்கையின் நஞ்சு சூட்டில் வீரியம் இழக்கும். ஆகவே 45 பாகை செல்சியசுக்கு மேற்படாத, தாங்கக்கூடிய சூட்டு நீரில் 30 முதல் 90 நிமிடம் வைத்தால் நோவு நன்றாகக் குறையும். சூட்டைக் குத்துப்பட்ட காலால் பார்க்காமல், பக்கத்தில் நிற்பவர் கையால் பார்க்கட்டும். நோவு குறைந்தாலும் ஆசுபத்திரிக்குப் போங்கள். முள்துண்டு உள்ளே முறிந்திருக்கலாம், ஏற்பு ஊசியும் வேண்டும்.

30.06.2024

பெருவிரல் நகம் மஞ்சளாகித் தடித்தால் எவ்வளவு காலத்தில் மாறும் என்று கேட்டவருக்கு: நகப் பூஞ்சணத்துக்குக் கிறீம் பெரும்பாலும் போதாது, வைத்தியர் ஈரலைச் சோதித்துக் குளிசை தரலாம், அதுவும் ஏறத்தாழ 3 மாதம். கால் நகம் மெதுவாக வளர்வதால், கிருமி செத்த பிறகும் நல்ல நகம் முழுதாக வர 12 முதல் 18 மாதம் செல்லும்.

பிள்ளைகளின் பாடசாலைச் சப்பாத்தைப் பற்றியும் ஒரு தாய் கேட்டிருந்தார். வளர்கிற கால் என்று இரண்டு அளவு பெரிதாக வாங்க வேண்டாம், குதிகால் உள்ளே ஆடி உரசும். பிள்ளை எழுந்து நிற்கும்போது நீளமான விரலுக்கு முன்னால் ஒரு பெருவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். மாலையில் வாங்குங்கள், அப்போதுதான் கால் சற்று வீங்கி இருக்கும். வீட்டுக்கு வந்ததும் உள்ளே பழைய பத்திரிகைத் தாளைத் திணித்து வைத்தால் வியர்வை ஈரத்தை உறிஞ்சும். இரவில் அந்தத் தாளை ஒரு தரம் மாற்றிவிடுங்கள்.